எட்டு நாள் நெஞ்சில் மாட்டியிருந்த கேமரா

கண்காணிப்பு கேமரா மாட்டுவதும் பழுது பார்ப்பதும் எனக்கு 22 வருடத் தொழில். கேமராப் படத்தைப் பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டியைத் திறந்ததுமே, உள்ளே படிந்திருக்கும் தூசியை வைத்து ஹார்ட் டிஸ்க் எத்தனை மாதமாகச் செத்துக் கிடக்கிறது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் என் கேமராக்கள் எல்லாம் சுவரிலும் கம்பத்திலும் இருப்பவை. அவை யார் பக்கமும் சாயாது, மாட்டின இடத்தில் மாட்டினபடி இருக்கும். ஆள்மேல் மாட்டும் கேமராவை நான் கையில் எடுத்தது இதுதான் முதல் தடவை. போலீஸ்காரர்கள் நெஞ்சில் மாட்டிக்கொள்ளும் பாடி கேமரா. விற்கும் நிறுவனம் எட்டு நாளைக்கு டெமோவாகக் கொடுத்தது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லும் குறைகளில் பாதி இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் பொது.

இது என்னிடம் எப்படி வந்தது என்று சொல்லாவிட்டால் விமர்சனம் புரியாது.

எங்கள் பகுதியில் ஓர் இரவு, இருபதைக் கொஞ்சம் தாண்டிய ஒரு பையனைப் போலீஸ் சுட்டது. பையன் இறந்துவிட்டான். கையில் இருந்தது கத்தி என்கிறது ஒரு தரப்பு, செல்போன் என்கிறது இன்னொரு தரப்பு. விசாரணை நடக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. சுட்டவர் நெஞ்சில் கேமரா இருந்தது. வீடியோவும் இருக்கிறது. குடும்பத்துக்கும் எங்கள் குடியிருப்போர் குழுவுக்கும் ஒருமுறை போட்டுக் காட்டினார்கள். அதில் முதல் 30 நொடிக்குச் சத்தமே இல்லை. 26-வது நொடியில் பையன் விழுகிறான். மேலும் நாலு நொடி ஊமைப்படம். அதற்கப்புறம் திடீரென்று சத்தம் வருகிறது: யாரோ ஓடும் காலடி, வயர்லெஸ் இரைச்சல், நாய் குரைப்பு.

‘கீழே போடு’ என்று மூன்று தடவை எச்சரித்ததாகச் சுட்டவர் சொல்லியிருக்கிறார். மாடியிலிருந்து பார்த்தவர்கள் அப்படி எதுவும் காதில் விழவில்லை என்கிறார்கள். படத்தில் பையனின் வாய் அசைவது மட்டும் தெரிகிறது.

அன்றைக்குக் குழுக் கூட்டம் சண்டையாகத்தான் முடிந்தது. “சத்தத்தை அழிச்சுட்டாங்க” என்று பாதிப் பேர். “போலீஸ் சொல்றதை நம்பாம வேற யாரை நம்புறது” என்று மீதிப் பேர். ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் வாயே திறக்கவில்லை. பையனின் அம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கலையும்போது என்னிடம் வந்து, “தம்பி, நீங்கதான் கேமரா வேலை பாக்குறவங்க. அவன் என்ன சொன்னான்னு அதுல எங்கயாவது இருக்குமா?” என்று கேட்டார்.

தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. எல்லாப் போலீஸ்காரருக்கும் இந்த கேமராவைக் கொடுத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று அதே கூட்டத்தில்தான் ஒரு தீர்மானமும் பேசப்பட்டது. முதலில் இது என்ன பண்ணும், என்ன பண்ணாது என்று ஓர் ஆள் மாட்டிப் பார்க்கட்டும் என்றார்கள். அந்த ஆள் நான்.

சரி, பெட்டிக்கு வருவோம்.

கருவி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. எடை ஒரு பெரிய செல்போன் அளவுதான். சட்டைக்கு உள்ளே ஒரு காந்தத் தகடு, வெளியே கேமரா, நடுவில் துணி. நடக்கும்போது அசையவில்லை. படியில் ஓடி இறங்கினபோது இரண்டு தடவை கழன்று விழுந்தது, உடையவில்லை. பேட்டரி 12 மணி நேரம் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஒன்பது மணி நேரத்தைத் தாண்டவில்லை. கையேடு மோசம். மெனு பரவாயில்லை. படம் பகலில் பிரமாதம், நம்பர் பிளேட்டைத் தாராளமாகப் படிக்கலாம். முதல் நாள் பதிவில் பாதி என் சட்டைக் காலரும் வீட்டுக் கூரையும்தான். அது என் கோளாறு, கேமராவின் கோளாறு இல்லை. இதற்கெல்லாம் ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

எனக்கு முக்கியமாக இருந்தது அந்த ஊமை 30 நொடி.

இரண்டாம் நாளே விடை கிடைத்துவிட்டது. கேமரா ஆன் செய்து சும்மா மாட்டியிருக்கும்போதும் அது உள்ளுக்குள் படம் எடுத்துக்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் சேமிப்பதில்லை. கடைசி 30 நொடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போட்டுக்கொண்டே வருகிறது. பொத்தானை இரண்டு தடவை தட்டினால், தட்டின கணத்திலிருந்து பதிவு தொடங்குவதோடு, கையில் இருக்கும் அந்த 30 நொடியையும் முன்னால் ஒட்டிவிடும். நம் டி.வி.ஆரில் அசைவு தெரிந்தால் பதிவாகிற மாதிரி வைக்கும்போது ‘ப்ரீ ரெக்கார்டு’ என்று சில நொடி கொடுப்போமே, அதே யோசனைதான். ஒட்டப்படும் அந்த முன்பகுதிக்கு மட்டும் சத்தம் கிடையாது. கம்பெனி அனுப்பும்போதே அப்படித்தான் அமைத்து அனுப்புகிறது.

ஆக, யாரும் சத்தத்தை அழிக்கவில்லை. அந்தச் சத்தம் பதிவாகவே இல்லை. சுட்ட நாலு நொடி கழித்துத்தான் அவர் பொத்தானைத் தட்டியிருக்கிறார். அதனால்தான் அந்த நாலு நொடியும் ஊமை. கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் கோபம். “அப்ப ஏன் முன்னாடியே தட்டலை?” என்று ஒருவர் எழுந்தார். அது நியாயமான கேள்வி, கேமராவிடம் கேட்டுப் பயனில்லாத கேள்வி.

இந்த முன்பகுதி ஒன்றும் சாதாரணச் சமாச்சாரம் இல்லை. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 2017-இல் ஒரு போலீஸ்காரர் சந்துக்குள் ஒரு டப்பாவில் போதை மாத்திரைப் பையை வைத்துவிட்டு, தெருவுக்கு வந்து கேமராவைத் தட்டிவிட்டு, திரும்பிப் போய் ‘கண்டுபிடித்தார்’. தட்டுவதற்கு முந்தைய 30 நொடியும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர் நினைவில் இல்லை. சத்தமில்லாத படத்தில் அவர் டப்பாவை வைப்பது அப்படியே இருந்தது. அடுத்த வருடம் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. அதே 2017-இல், ஜூலை மாதம் மின்னியாபொலிஸில், தானே போலீஸுக்குப் போன் செய்து உதவி கேட்ட ஒரு பெண், வந்த காரின் அருகே போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். இரண்டு அதிகாரிகள், இரண்டு பேரிடமும் கேமரா. சுட்ட நேரத்தில் இரண்டும் ஓடவில்லை. வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று ஒரு நகராட்சி நெஞ்சை நிமிர்த்துவதற்கும், தட்ட வேண்டிய நேரத்தில் விரல் தட்டுவதற்கும் நடுவில் ரொம்ப தூரம் இருக்கிறது.

நானே பார்த்தேனே. என் அக்கா மகனை ஒளிந்திருந்து திடீரென்று எதிரே குதிக்கச் சொல்லி, ஒரு நாள் முழுக்கப் பத்துத் தடவை விளையாடிப் பார்த்தோம். அவன் குதிப்பான் என்று தெரிந்தும் நாலு தடவை நான் பொத்தானை மறந்தேன். ஒரு தடவை தட்டியதாகச் சத்தியம் செய்திருப்பேன், பதிவில் ஒன்றுமே இல்லை.

இதைக் கேட்டதும் ஏட்டையா முதல் தடவையாக வாய் திறந்தார். “தம்பி, உனக்கு எதிரே வந்தது உன் மருமவன். எனக்கு ஒரு தடவை அரிவாளோட ஒருத்தன் வந்தான். நான் சுடலை, ஓடிட்டேன். அன்னைக்கு என் காதுல எதுவுமே விழலை. கூட வந்தவன் என் பேரைச் சொல்லிக் கத்தினானாம். அவன் கையில இருந்த அரிவாள் மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது, அவன் முகம் இன்னிக்கும் ஞாபகத்துல இல்லை. கேமராவுக்கு அந்தப் பயம் கிடையாது. அது எல்லாத்தையும் பார்க்கும். நாளைக்கு நீங்க அதைப் போட்டுப் பார்த்து, இதுகூடத் தெரியலையாடா உனக்குன்னு கேப்பீங்க.”

அவர் சொன்னதைச் சோதிக்காமல் விட மனமில்லை. மூன்றாம் நாள் இரவு, தெருவிளக்கு இல்லாத சுவரோரம் அக்கா மகனை நிறுத்தினேன். கையில் ஒரு தடவை செல்போன், ஒரு தடவை ஸ்க்ரூ டிரைவர். எது என்று எனக்குச் சொல்லாமல் அவனே மாற்றினான். ஐந்து மீட்டர் தூரத்தில் என் கண்ணுக்கு ஏதோ ஒன்று பளபளக்கிறது என்பதற்கு மேல் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கிளிப்பைப் போட்டால், போனின் கேமரா வளையம்வரை தெளிவாகத் தெரிகிறது. சென்ஸார் இருட்டை வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. இந்த விஷயத்தில் ஏட்டையா சொன்னது சரி. பிறகு அவனைத் தெருவிளக்குக்கு நேர் கீழே, விளக்கு என் முகத்தில் அடிக்கிற மாதிரி நிறுத்தினேன். இப்போது தலைகீழ். என் கண்ணுக்கு அது செல்போன் என்று நன்றாகத் தெரிந்தது. கிளிப்பில் விளக்கைச் சுற்றி வெள்ளை வட்டம், அதற்குக் கீழே கரிக்கட்டை மாதிரி ஓர் உருவம். அந்தப் படத்தை மட்டும் பார்க்கிறவர் “பாவம், தெரிஞ்சிருக்காது” என்றுதான் சொல்வார். அந்த இடத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது.

அதனால் கேமரா கண்ணுக்குச் சமம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சில இடத்தில் கண்ணைவிட அதிகம், சில இடத்தில் கண்ணைவிடக் குறைவு. எது எங்கே என்று கிளிப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. சம்பவ இடத்துக்கு அதே நேரத்தில் போய் நின்று பார்க்க வேண்டும்.

அப்புறம் மாட்டும் இடம். நெஞ்சு என்பது கேமராவுக்கு நல்ல இடம்போலத் தோன்றும். துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தால் என்ன ஆகும்? துப்பாக்கிக்குப் பதில் என் ட்ரில் மெஷினை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்துப் பார்த்தேன். படத்தில் முக்கால்வாசி என் முழங்கையும் மணிக்கட்டும். எதிரே நிற்கும் பையன் கைகளுக்கு நடுவில் ஒரு கீற்றாகத் தெரிகிறான், அதுவும் இடுப்புக்குக் கீழே. எந்தக் கணத்துக்காக இந்தக் கருவியை வாங்குகிறோமோ, அந்தக் கணத்தில் அதைக் கையால் மறைத்துவிடுகிறோம். தோளில் அல்லது கண்ணாடியில் மாட்டும் வகையும் இருக்கிறது, அவற்றை நான் சோதிக்கவில்லை.

லென்ஸ் அகலக் கோணம். பக்கவாட்டில் நிறையப் பிடிக்கும், ஆனால் நடுவில் இருப்பதைத் தள்ளிக் காட்டும். டேப் வைத்து நாலு மீட்டர் அளந்து பையனை நிறுத்தி எடுத்த கிளிப்பைக் குழுவில் ஆறு பேருக்குக் காட்டித் தூரம் கேட்டேன். ஒருவர் மட்டும் ஐந்து என்றார். மற்றவர்கள் ஆறு, ஏழு, எட்டு. ‘அவ்வளவு தள்ளி நின்னவனைப் போய்ச் சுட்டானே’ என்கிற பேச்சு எங்கள் பகுதியில் நிறைய உண்டு. அந்தத் தூரம் லென்ஸின் தூரமா, தரையின் தூரமா என்று யாரும் டேப்பைப் போட்டுப் பார்க்கவில்லை. நான் போய் அளந்தேன். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன். விசாரணை அதிகாரியிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நெஞ்சுக் கேமராவில் இன்னொரு விசித்திரம், மாட்டியிருப்பவர் படத்திலேயே இருக்கமாட்டார். அவர் கை தெரியும், மூச்சு கேட்கும், முகம் தெரியாது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரே சம்பவத்தை பாடி கேமராவில் பார்த்தவர்கள், காரின் முகப்புக் கேமராவில் பார்த்தவர்களைவிட, ‘இவர் வேண்டுமென்றே செய்தார்’ என்று நினைப்பது குறைவாக இருந்தது. செய்கிற ஆள் கண்ணில் படாததால் அவர்மேல் பழி போட மனம் வருவதில்லை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2016-இல் இன்னோர் ஆய்வு, மெதுவாக ஓட்டிக் காட்டினால் பார்ப்பவர்களுக்கு ‘யோசித்துத்தான் செய்தார்’ என்ற எண்ணம் கூடுகிறது என்றது. இந்தக் கருவியோடு வரும் பிளேயரில் கால் வேகத்தில் ஓட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. என் சோதனைக் கிளிப் ஒன்றை, நான் ட்ரில்லைத் தூக்கும் காட்சியை, முதலில் நிஜ வேகத்தில் காட்டினேன். சிரித்தார்கள். கால் வேகத்தில் காட்டியதும் அறை அமைதியாகிவிட்டது. “நீங்க குறி பார்க்கிறீங்க” என்றார் ஒருவர். நான் குறியே பார்க்கவில்லை, ட்ரில் கனம், கை இறங்கியது. இந்தப் பொத்தானை எல்லோருக்கும் திறந்து வைத்திருப்பதை நான் குறையாகத்தான் எழுதியிருக்கிறேன். மெதுவாக ஓட்டினால் ஓரத்தில் ‘கால் வேகம்’ என்று பெரிய எழுத்தில் வர வேண்டும். இதில் அது வரவில்லை.

எங்கள் குழுவில் ஒரு வக்கீல் தங்கச்சி உண்டு. கேமராவைப் பற்றி நான் பேசிக்கொண்டே போனதும், “அண்ணா, நீங்க எந்தக் கேள்விக்கு விடை தேடுறீங்க?” என்று நிறுத்தினார். இரண்டு கேள்வி இருக்கிறதாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-இல் ஒரு வழக்கில், அந்த இடத்தில் நின்ற ஒரு நிதானமான அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டிருக்குமா என்று பார், பின்னால் உட்கார்ந்து எல்லாம் தெரிந்த கண்ணோடு பார்க்காதே என்றது. ஐ.நா. 1990-இல் ஹவானாவில் ஏற்றுக்கொண்ட அடிப்படைக் கோட்பாடுகளோ, உயிரைக் காப்பாற்ற வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் கொல்லும் நோக்கத்தோடு சுடலாம் என்கின்றன. முதல் கேள்வி சுட்ட அந்தக் கணத்தைப் பற்றியது. இரண்டாவதுக்கு விடை சொல்ல, அதற்கு முந்தைய பத்து நிமிடம் வேண்டும். ஏன் அவ்வளவு கிட்டப் போனார்? கதவுக்குப் பின்னால் நின்று பேசியிருக்க முடியாதா? கூட ஆள் வரும்வரை காத்திருந்தாரா?

அவர் பேசி முடித்ததும் என் குறிப்பேட்டில் பாதியை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். இந்தக் கருவி 30 நொடி கொடுக்கிறது. முதல் கேள்விக்கு அது அரைகுறையாகப் போதும். இரண்டாவது கேள்விக்கு ஒன்றுமே இல்லை.

கம்பெனிக்காரரிடம் கேட்டேன். உறையிலிருந்து துப்பாக்கியை உருவினாலே கேமரா தானாக ஓடத் தொடங்குகிற சென்ஸார் தனியாக இருக்கிறது என்று காட்டினார். நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் உருவியபின் தொடங்கினால், உருவ வேண்டி வந்த கதை வெளியே நின்றுவிடும். வண்டியின் சைரன் விளக்கைப் போட்டாலோ கதவைத் திறந்தாலோ தொடங்குகிற ஏற்பாடும் இருக்கிறது. வாங்குவதானால் அதைக் கேட்டு வாங்குங்கள். உறை சென்ஸாரைக் காட்டினதும் நம் ஆட்கள் அதில் மயங்கிவிட்டார்கள், விளம்பரப் படத்தில் பார்க்க அது அழகாக இருக்கிறது.

‘கேமரா வந்தால் போலீஸ் திருந்திவிடும்’ என்ற பேச்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், கூட்டத்தில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு ஆய்வைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கலிஃபோர்னியாவில் ரியால்டோ என்கிற சின்ன நகரத்தில் 2012-இல் தொடங்கி ஒரு வருடம் சோதித்தார்கள். பலம் பயன்படுத்துவது சுமார் 60 சதவீதம் குறைந்ததாக முடிவு. அது உலகம் முழுக்கப் பரவியது. வாஷிங்டன் நகரில் 2,000-க்கு மேற்பட்ட அதிகாரிகளை வைத்து அதைவிடப் பெரிய சோதனை நடத்தி 2017-இல் வெளியிட்டார்கள். கேமரா மாட்டியவர்களுக்கும் மாட்டாதவர்களுக்கும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. இரண்டும் நேர்மையான ஆய்வுகள்தான். நான் இதைப் படித்துப் புரிந்துகொண்டது, கருவி ஒன்றானாலும் அதை எப்போது ஓட்ட வேண்டும், ஓட்டாவிட்டால் என்ன தண்டனை, மேலே உட்கார்ந்து யார் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் வேறு என்பதுதான்.

அதோடு, எல்லோருக்கும் விடை வேண்டும் என்பதும் இல்லை. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, பாலியல் வன்கொடுமை, கொலை வழக்கில் பிடிபட்டிருந்த நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றபோது, அந்த இடத்தில் போலீஸ்காரர்கள்மேல் பூ தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த ஆணையம் வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும், அந்த அறிக்கை வெளியே வந்ததும் 2022-இல்தான். பூ தூவினவர்களுக்கு எந்த கேமராவும் தேவைப்படவில்லை. எங்கள் கூட்டத்திலும் ஒரு பெரியவர், “அந்தப் பையன் ஒழுங்கா இருந்தா ஏன் போலீஸ் வருது?” என்றார். அம்மா உட்கார்ந்திருக்கும்போதே சொன்னார். ஏட்டையாதான் அவரை உட்காரச் சொன்னார்.

இனி எனக்குத் தூக்கம் கெடுக்கும் பகுதி: சேமிப்பு.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். கருவியிலிருந்து கிளிப்பை அழிக்க எனக்குத் தெரிந்த எல்லாத் தந்திரமும் செய்து பார்த்தேன், முடியவில்லை. டாக் என்கிற தாங்கியில் வைத்ததும் சர்வருக்குப் போய்விடுகிறது. யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றும் லாக்கில், அதாவது பதிவேட்டில், விழுகிறது. நான் இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் திறந்து பார்த்ததுகூட இருந்தது. இந்த விஷயத்தில் நான் மாட்டும் எந்த டி.வி.ஆரும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது.

கெட்டது என்னவென்றால், ஒவ்வொரு கிளிப்புக்கும் ஒரு வகை குறிக்க வேண்டும். கைது, விபத்து, பலப்பிரயோகம், மற்றவை என்று பட்டியல். ‘மற்றவை’ என்று குறித்தால் 60 நாளில் தானாக அழிந்துவிடும். அழித்தவர் என்று யார் பெயரும் வராது, ‘சிஸ்டம்’ என்று வரும். வகையைக் குறிப்பவர் யார்? கேமராவை மாட்டியிருந்தவரேதான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்த வழக்கில், நிலையத்துக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையைப் படித்தபோது நான் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். நிலையக் கேமராப் பதிவுக்கான ஹார்ட் டிஸ்க்கில் 1 டி.பி. (டெராபைட்) இடம் இருந்தது. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைப்பு வைக்கப்பட்டிருந்தது. அத்தனை இடத்தை வைத்துக்கொண்டு அந்த அமைப்பு தானாக வராது. ஒருவர் மெனுவுக்குள் போய், நாலு தட்டு தட்டி, ‘ஓகே’ கொடுத்திருக்க வேண்டும். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காவல் நிலையக் கேமராக்களில் சத்தமும் இரவுப் பார்வையும் இருக்க வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்றது. ஓவர்ரைட், அதாவது பழைய பதிவை அழித்து அதன்மேல் புதியதை எழுதுவது, எங்களுக்குத் தினசரி வார்த்தை. வாடிக்கையாளரிடம் “எத்தனை நாள் வேணும் சார்?” என்று கேட்டு எண்ணைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் எண்ணைப் போட்டதும் ஒரு ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

அழிக்காமலும் மறைக்கலாம். சிகாகோவில் 2014 அக்டோபரில் 17 வயதுப் பையன் ஒருவனை ஒரு போலீஸ்காரர் 16 தடவை சுட்டார். கத்தியோடு பாய்ந்தான் என்றது போலீஸ் தரப்பு. வண்டிக் கேமராவின் படம் 13 மாதம் கழித்து, நீதிபதி உத்தரவிட்டதால் வெளியே வந்தது. அதில் அவன் விலகி நடந்துகொண்டிருந்தான். அந்தப் படத்திலும் சத்தம் இல்லை. 2018-இல் சுட்டவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த 13 மாதமும் அந்தப் படம் பத்திரமாகத்தான் இருந்தது, வெளியே மட்டும் வரவில்லை.

ஆகவே சேமிப்புக்கு: பூட்டுக்கு ஐந்துக்கு ஐந்து, சாவி யாரிடம் என்பதற்கு ஒன்று.

ஏழாம் நாள், கடைசியாக ஒரு மெனுவைத் தேடிக் கண்டுபிடித்தேன். அட்மின் பக்கத்தில், ‘முன்பதிவு’ (அந்த ‘ப்ரீ ரெக்கார்டு’தான்) என்பதற்குக் கீழே, இரண்டாவது திரையில், ‘முன்பதிவில் ஒலி’ என்று ஒரு சின்னச் சதுரம். டிக் இல்லை. கம்பெனிக்காரரிடம் அட்மின் பாஸ்வேர்டு வாங்கி டிக் போட்டேன். நேரமும் 30 நொடியிலிருந்து இரண்டு நிமிடம்வரை கூட்டலாம். கூட்டினேன். பையனைக் கூப்பிட்டு நிறுத்தி, “ஏதாவது பேசுடா” என்றேன். பேசினான். ஒரு நிமிடம் கழித்துப் பொத்தானைத் தட்டினேன். கிளிப்பைப் போட்டால் அவன் பேசினது ஒவ்வொரு வார்த்தையும் இருக்கிறது. நாள் முழுக்க அப்படி ஓட்டியதில் பேட்டரி நாற்பது நிமிடம் முன்னதாகத் தீர்ந்தது. அவ்வளவுதான் விலை.

ஏட்டையா இதை ஒத்துக்கொள்ளவில்லை. “டூட்டியில இருக்கிறவன் பொண்டாட்டிகிட்ட போன்ல பேசுறது, மேலதிகாரியைத் திட்டுறது, கக்கூஸ் போறது எல்லாம் அதுல ஏறிடும். ஏதோ ஒண்ணுக்குத் தட்டும்போது முன்னாடி இருக்கிறதும் ஒட்டிக்கிட்டு வரும். எவன் மாட்டுவான்?” அது நிஜமான சிக்கல், சிரித்துத் தள்ளக்கூடியது இல்லை. இரண்டு நிமிடம் வேண்டாம், முப்பது நொடிக்காவது ஒலி இருக்கட்டும் என்று பேசி, அதற்கு அவர் தலையை ஆட்டினாரா இல்லையா என்பது இன்னும் எங்களுக்குள் தகராறில் இருக்கிறது.

எட்டாம் நாள் கருவியைப் பெட்டியில் வைத்தேன். மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று. வாங்கலாமா என்றால், வண்டிக் கதவோடு தொடங்கும் ஏற்பாடு, முன்பதிவில் ஒலி, வகை குறிப்பது மாட்டியவர் அல்லாத வேறொருவர், இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்குத் தெருவிளக்கு போடச் சொல்லி எழுதியிருக்கிறேன், அதைக் குழுவில் பாதிப் பேர் கிண்டல் என்று நினைத்தார்கள்.

திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் அந்த அம்மாவின் வீட்டில் இறங்கினேன். அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துவிட்டது, சொல்லாமல் இருக்க முடியாது. அவன் பேசினது எங்கேயும் இல்லை, அழிக்கவும் இல்லை, அது பதிவாகவே இல்லை என்றேன். பெட்டியைத் திறந்து, மெனுவில் அந்தச் சதுரத்தைக் காட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“இதுல டிக் போட்டிருந்தா கேட்டிருக்குமா?”

கேட்டிருக்கும் என்றேன்.

“யாரு போடணும்?”

“அட்மின்.”

“அவரு யாரு? எங்க இருக்காரு?”

திரையில் ‘அட்மின்’ என்று மட்டும்தான் இருந்தது. நானும் அதையேதான் திரும்பச் சொன்னேன்.